எலிக்குப் பலித்த மஞ்சள்

ஹாம்ஸ்டர் என்னும் சிறு விலங்குக்கு இரண்டு கன்னத்திலும் பை உண்டு. கிடைத்த தானியத்தையெல்லாம் அதில் அடக்கிக்கொண்டு வளைக்கு ஓடும். புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு அந்தப் பை வேறு விதத்தில் பயன்பட்டது. அதை வெளியே இழுத்துப் பார்க்கலாம், எதையாவது தடவலாம், வாராவாரம் என்ன மாறுகிறது என்று கண்ணாலேயே கணக்கெடுக்கலாம். 1954-ல் ஸாலி என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தப் பையில் வேதிப்பொருளைத் தடவிப் புற்றுக் கட்டியை வரவழைத்துக் காட்டினார். அதன்பிறகு வாய்ப் புற்றுநோய் ஆய்வுக்கு அதுவே வழக்கமான களமாகிவிட்டது. பாரஃபின் எண்ணெயில் அரை சதவீதம் டி.எம்.பி.ஏ. என்ற நச்சு, வாரத்துக்கு 3 தடவை, மொத்தம் 14 வாரம். பாதுகாப்பு ஏதும் தராமல் விட்ட விலங்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதற்குள் கட்டி வந்துவிடும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இதே முறையைக் கையாண்டார்கள். நச்சு தடவாத நாட்களில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மஞ்சளின் குர்குமின் 80 மில்லிகிராம், மிளகின் பைப்பரின் 50 மில்லிகிராம் என்ற அளவில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 14 வாரம் முடிந்தபோது அந்த விலங்குகளில் புற்று வரவே இல்லை.

இதைப் படிக்கிற எவருக்கும் அடுத்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடும்: மஞ்சளும் மிளகும் புற்றுநோயைத் தடுக்கும். சாம்பார்ப் பொடியிலிருந்து மாத்திரைக் குப்பி வரை இன்று விற்கப்படுவது அந்த வாக்கியம்தான். என் வாதம் எளிமையானது. ஆய்வு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று, அது சொன்ன பதிலை நாம் ஒட்டவைத்திருக்கும் கேள்வி வேறொன்று. ‘இந்த நச்சை, இந்த விலங்கின் மேல், இந்த அளவில் தடவும்போது, அதே நாட்களில் இந்தப் பொருளையும் உள்ளே கொடுத்தால் கட்டி குறையுமா?’ என்பதே ஆய்வுக்கூடம் கேட்டது. ‘இத்தனை வருடம் வெற்றிலை பாக்கும் புகையிலையும் போட்டவருக்கு இனிமேல் மஞ்சள் மாத்திரை உதவுமா?’ என்று யாரும் ஹாம்ஸ்டரிடம் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவே நான்கு இடைவெளிகள் இருக்கின்றன: எப்போது கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், விலங்கு வேறு என்ன தின்றது, எந்த உறுப்பில் எதை எண்ணினார்கள். ஒரு தாவரப் பொருள் புற்றைத் தடுக்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் இந்த நான்கையும் கேட்டுவிட்டால், மிச்சம் எவ்வளவு தேறும் என்பது தெரிந்துவிடும். மஞ்சளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது நம் வீட்டுப் பொருள் என்பது மட்டுமல்ல. உணவுத் தாவரப் பொருள்களில் இத்தனை விலங்குகளிலும், பிறகு மனிதர்களிலும் இந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை மிகச் சிலவே.

முதலில், எப்போது என்ற கேள்வி. டி.எம்.பி.ஏ. உடலுக்குள் போனவுடனே கேடு செய்வதில்லை. நம் உடலின் என்சைம்கள் அதைக் கழித்து வெளியேற்றப் பார்க்கும்போது நடுவழியில் அது வீரியம் மிக்க இன்னொரு வடிவம் எடுக்கிறது. அந்த வடிவம்தான் மரபணுவில் ஒட்டிக்கொண்டு செல்லைக் கெடுக்கிறது. ஆகவே அந்த என்சைம்களைக் கொஞ்சம் மந்தமாக்கினாலோ, கழிவை வெளியேற்றும் என்சைம்களை முடுக்கிவிட்டாலோ, கட்டி குறையும். அமெரிக்காவின் மினசோட்டாவில் லீ வாட்டன்பர்க் 1960களிலிருந்து இதைத்தான் பொறுமையாகத் தோண்டிக்கொண்டிருந்தார். தாவரப் பொருள்களை அவர் இரண்டாகப் பிரித்தார். நச்சு செல்லைத் தொடுவதற்கு முன் வழிமறிப்பவை ஒரு வகை. கெட்டுப்போன செல் கட்டியாக வளர்வதை அடக்குபவை இன்னொரு வகை. வாசலில் நிற்கிற காவலாளியும் வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பிடிக்கிறவனும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. நச்சையும் மஞ்சளையும் ஒரே வாரங்களில் கொடுக்கிற ஆய்வு, இந்த இரண்டில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லாது. பல ஆண்டுகளாகப் புகைத்த ஒருவருக்கு வாசல் காவலாளியால் பெரிய பயன் இல்லை. திருடன் எப்போதோ உள்ளே வந்துவிட்டான்.

இது வெறும் தர்க்கம் அல்ல, பலமான சான்று உண்டு. முட்டைக்கோஸ் இனக் காய்களிலிருந்து வரும் இண்டோல்-3-கார்பினால் என்ற பொருளை, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பெய்லியின் குழு டிரவுட் மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. டிரவுட் மீனின் கல்லீரல் அஃப்லாடாக்சினுக்கு மிக எளிதில் புற்று கண்டுவிடும். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் நச்சுதான் அஃப்லாடாக்சின். நச்சுக்கு முன்பும் நச்சோடு சேர்த்தும் இந்தப் பொருளைக் கொடுத்த மீன்களுக்குக் கட்டி குறைந்தது. நச்சு கொடுத்து முடித்த பிறகு இதே பொருளைக் கொடுத்த மீன்களுக்குக் கட்டி கூடியது. மீன் ஒன்று, நச்சு ஒன்று, பொருளும் ஒன்று. கிழமை மாறியது, முடிவு தலைகீழாகிவிட்டது. முதல் ஆய்வோடு நிறுத்தியிருந்தால் முட்டைக்கோஸ் மாத்திரை புற்றைத் தடுக்கும் என்ற தலைப்புச் செய்தி தயார். இரண்டாவது ஆய்வையும் செய்யப் பொறுமை இருந்ததால்தான் உண்மையின் மறுபாதி வெளியே வந்தது.

அடுத்து, எவ்வளவு. விலங்குக்குக் கொடுத்த அளவை மனிதருக்குக் கணக்கிடும்போது எடையை மட்டும் வைத்துப் பெருக்கக் கூடாது. சின்ன உடல் வேகமாக எரிகிறது, வேகமாகக் கழிக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-ல் தந்த வழிகாட்டுதல்படி, கிலோவுக்கான அளவைச் சுண்டெலியிலிருந்து மனிதருக்கு மாற்ற 12.3-ஆலும், ஹாம்ஸ்டரிலிருந்து மாற்ற 7.4-ஆலும், எலியிலிருந்து மாற்ற 6.2-ஆலும் வகுக்க வேண்டும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிதம்பரம் ஹாம்ஸ்டருக்குக் கொடுத்த குர்குமின், 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு, கொடுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 650 மில்லிகிராம் ஆகிறது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்குதான். அப்படியானால் 20 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள். 1995-ல் அமெரிக்காவில் ராவ், ரெட்டி ஆகியோர் பெருங்குடல் புற்றுக்காக எலிகளுக்குத் தீனியில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு குர்குமின் கலந்தார்கள். கட்டிகள் குறைந்தன. இதையும் மாற்றினால் நமக்கு நாளொன்றுக்கு 30 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வருகிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்த சுண்டெலி ஆய்வு ஒன்று உண்டு. அந்த அளவை மனிதருக்கு மாற்றினால் தினமும் ஏறத்தாழ அரைக் கிலோ மஞ்சள்தூள். தோராயக் கணக்குதான், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனாலும் ரசத்தில் போடுகிற ஒரு சிட்டிகைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மஞ்சள் நிறையப் புழங்கும் வீட்டிலும் ஒருவர் வயிற்றுக்குள் ஒரு நாளில் இரண்டு மூன்று கிராமுக்கு மேல் போவது அரிது. சமையலின் பெயரைச் சொல்லி மாத்திரையை விற்பதும், மாத்திரை ஆய்வின் பெயரைச் சொல்லிச் சமையலைப் புகழ்வதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முனைகள்.

விலங்கு வேறு என்ன தின்றது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கோ இதுதான் மிகச் சுவையான கேள்வியாகப் படுகிறது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் எலிக்குப் போடுவது சாதாரணத் தீனி அல்ல. பால் புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, சோள எண்ணெய், உப்புகள், வைட்டமின்கள் எல்லாம் அளந்து கலந்த சுத்தத் தீனி. கீரை கிடையாது, பருப்பு கிடையாது. எலியின் குடலில் நச்சை மாற்றும் என்சைம்களின் வேலை, அது சாதாரணத் தாவரத் தீனி தின்னும்போது நன்றாக இருப்பதையும், சுத்தத் தீனிக்கு மாற்றியவுடன் சரிந்துவிடுவதையும் வாட்டன்பர்க்கே கண்டார். சத்தான சாப்பாட்டை முதலில் பிடுங்கிவிட்டு, அப்புறம் ஒரே ஒரு தாவரப் பொருளைத் திரும்பக் கொடுத்து, பார்த்தீர்களா எவ்வளவு வித்தியாசம் என்று காட்டுவது போன்றதுதான் இது. ஆய்வுக்கு இது தேவை, இல்லாவிட்டால் எதனால் என்ன நடந்தது என்று பிரிக்க முடியாது. ஆனால் கீரையும் சுண்டலும் வெங்காயமும் ஏற்கெனவே சாப்பிடுகிற ஒருவருக்கு அந்த ஒரு பொருளைக் கூடுதலாகக் கொடுத்தால் அதே வித்தியாசம் வரும் என்று அது சொல்லவே இல்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தீனியில் கசப்பான, நிறமேறிய எதையாவது அதிகம் கலந்தால் விலங்கு குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்ற எலிக்குக் கட்டியும் குறைவாகவே வரும். சிகாகோவில் டானன்பாம் 1940களிலேயே இதை ஐயம் திரிபறக் காட்டிவிட்டார். எனவே எந்த ஆய்விலும் முதலில் பார்க்க வேண்டியது கட்டி எண்ணிக்கையை அல்ல, இரண்டு குழுக்களின் உடல் எடையை. எடை குறைந்திருந்தால், புற்றைத் தடுத்தது மருந்தா பட்டினியா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நான்காவது, எந்த உறுப்பு என்பது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹுவாங், கானி ஆகியோரின் குழு 1988-லிருந்து குர்குமினை விடாமல் துரத்தியது. சுண்டெலியின் தோலில் தடவினால் கட்டி வளர்ச்சி தடைபட்டது. தீனியில் கலந்து கொடுத்தால் இரைப்பையின் முன்பகுதி, சிறுகுடலின் தொடக்கம், பெருங்குடல் ஆகிய இடங்களில் கட்டி குறைந்தது. அதே குழு மார்பகத்துக்கு வந்தபோது, மேலே சொன்ன நூற்றுக்கு இரண்டு பங்கு அளவிலும் மார்பகக் கட்டிகளில் சொல்லும்படியான பலன் இல்லை. அதே சுண்டெலிகளில் ரத்தப் புற்று வகைகள் மட்டும் குறைந்தன. புகையிலை நச்சுகளால் நுரையீரல் கட்டி வரவழைத்த இன்னொரு குழுவின் சுண்டெலி ஆய்விலும் குர்குமின் உதவவில்லை. இவற்றை ரட்கர்ஸ் குழுவினரும் மற்றவர்களும் ஒளிக்கவில்லை, முறையாக வெளியிட்டார்கள். ஆனால் மாத்திரைக் குப்பியின் உறையில் தோலும் குடலும் வந்தன, மார்பகமும் நுரையீரலும் வரவில்லை. அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 1993-ல் வெளியிட்ட இரண்டாண்டு ஆய்வு இன்னும் சங்கடமானது. குர்குமின் மிகுந்த மஞ்சள் சாற்றை எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் நெடுநாள் கொடுத்ததில், சில வகைக் கட்டிகள் சற்றுக் கூடுவதாகத் தெரிந்தது. சான்று உறுதியற்றது என்றே அந்த அறிக்கை வகைப்படுத்தியது. அதை வைத்து மஞ்சளைக் குற்றவாளியாக்குவது அபத்தம். அதே மூச்சில், நமக்குப் பிடித்த எலி ஆய்வை மட்டும் உறுதியான சான்று என்று கொண்டாடுவதும் அபத்தம்தான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். குறைகளை அடுக்குவது சுலபம், ஆனால் நல்ல விலங்கு மாதிரியில், நல்ல அளவில், சரியான உறுப்பில் செய்தால்? செய்தார்கள். ஏ.பி.சி. என்ற மரபணு பிறவியிலேயே பழுதானால் மனிதருக்குக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் என்னும் சதைமொட்டுகள் முளைக்கும். விட்டுவிட்டால் அது பெருங்குடல் புற்றில் போய் நிற்கும். அதே மரபணு பழுதான சுண்டெலி இனமும் உண்டு. நச்சு எதுவும் தடவ வேண்டியதில்லை, கட்டி தானே வரும். இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2002-ல் இந்தச் சுண்டெலிகளுக்குக் குர்குமின் கலந்த தீனி போட்டது. ஆயிரத்துக்கு ஒரு பங்கு கலந்தபோது பயனில்லை. இரண்டு பங்கும் அதற்கு மேலும் கலந்தபோது கட்டிகள் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தன. இதைவிடச் சுத்தமான விலங்குச் சான்று கிடைப்பது கடினம். இன்னொரு சாதகமும் இருந்தது. குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே ஏறும், பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். தினமும் 3.6 கிராம் சாப்பிட்ட நோயாளிகளின் பெருங்குடல் திசுவில் குர்குமின் இருந்ததை லெஸ்டர் குழுவே அளந்து காட்டியது. ஆக, மஞ்சள் எங்காவது ஜெயிக்க வேண்டுமென்றால் அது ஜெயிக்க வேண்டிய களம் குடல்தான். 2006-ல் இந்தப் பரம்பரை நோய் உள்ள 5 பேருக்குக் குர்குமினும், வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டினும் ஆறு மாதம் கொடுத்ததில் பாலிப்புகள் பாதிக்கும் கீழே இறங்கின என்ற செய்தி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது. ஆனாலும் உலகம் கைதட்டியது.

பிறகுதான் உண்மையான பரீட்சை. அந்த 2006 ஆய்வைச் செய்த மார்சியா குரூஸ்-கொரேயாவின் தலைமையிலேயே, இந்த நோயுள்ள 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 3 கிராம் குர்குமின், மற்றதற்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 மாதம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2018-ல் வெளிவந்தது. பாலிப்புகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பழுதான மரபணு ஒன்று, கொடுத்த பொருள் ஒன்று, உறுப்புகூட ஏறத்தாழ ஒன்று. சுண்டெலியில் 40 சதவீதம், மனிதரில் எதுவுமில்லை. அந்தச் சுண்டெலிக்குக் கட்டிகள் பெரும்பாலும் சிறுகுடலில் வருகின்றன, மனிதருக்குப் பெருங்குடலில். அது ஒரு காரணமாக இருக்கலாம். 44 பேர் சிறிய எண்ணிக்கை, மிகச் சிறிய பலன் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று வாதாடுபவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் 5 பேரை வைத்து நம்பத் தயாராக இருந்தவர்கள் 44 பேர் போதாது என்று சொல்வது, ஜெயித்தால் என் கணக்கு, தோற்றால் உன் கணக்கு என்பது போலத்தான். இந்தத் துறையில் இன்னொரு நிழலும் விழுந்திருக்கிறது. குர்குமின் ஆய்வில் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவரான டெக்சாஸ் ஆய்வாளரின் கட்டுரைகளில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை, படங்களில் கோளாறு கண்டு இதழ்கள் திரும்பப் பெற்றிருக்கின்றன. 2017-ல் அமெரிக்க வேதியியலர்கள் சிலர் எழுதிய விரிவான மதிப்பீடு இன்னும் அடிப்படையான காரணம் ஒன்றைச் சொன்னது. குர்குமின் தானே ஒளிரும், எளிதில் சிதையும், எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். சோதனைக் குழாயில் எதைக் கேட்டாலும் ஆம் என்று தலையாட்டும் பொருள் அது. அப்படிப்பட்ட சாட்சியை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

எலியை விடுங்கள், நாம் தலைமுறை தலைமுறையாக மஞ்சள் சாப்பிடுகிறோம், அதனால்தான் இந்தியாவில் பெருங்குடல் புற்று மேற்கு நாடுகளைவிடக் குறைவு என்பது அடுத்த வாதம். பெருங்குடல் புற்று இங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் வாய்ப் புற்றுநோயில் உலகின் மொத்தச் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவிடம் இருக்கிறது. மஞ்சள் முதலில் படுகிற இடம் வாய். இந்தியாவில் எந்த ஊரிலும் குழம்பு வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. குடலைக் காப்பாற்றிய மஞ்சள் வாயை மட்டும் கைவிட்டது ஏன்? விடை எல்லோருக்கும் தெரியும். புகையிலையும் பாக்கும் அங்கே செய்கிற அழிவுக்கு முன்னால் ஒரு சிட்டிகை மஞ்சள் எம்மாத்திரம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்குகூடப் புற்றை உண்டாக்குவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 அறிக்கையிலேயே உறுதிசெய்துவிட்டது. குடல் புற்று குறைவாக இருப்பதற்கு இறைச்சி, உடல் பருமன், உழைப்பு, ஆயுள், நோய் கண்டுபிடிக்கும் வசதி என்று எத்தனையோ காரணங்கள் இருக்க முடியும். அத்தனையையும் ஒதுக்கிவிட்டுக் கிரீடத்தை மஞ்சளுக்குச் சூட்டுவது ஊர்ப் பாசம்.

அப்படியானால் விலங்கு ஆய்வே வீண், அந்த உயிர்களை ஏன் வதைக்க வேண்டும் என்று எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. டாமாக்சிஃபென் என்ற மருந்து, இதே டி.எம்.பி.ஏ. கொடுத்த எலிகளில் மார்பகக் கட்டியைத் தடுப்பதை கிரெய்க் ஜோர்டன் 1970களில் காட்டினார். 1998-ல் 13,388 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தபோது, நோய் வரும் அபாயம் அதிகமுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எலி சொன்னது பலித்தது. வித்தியாசம் எங்கே? டாமாக்சிஃபென் எந்தப் பூட்டில் எந்தச் சாவியாக நுழைகிறது என்பது தெரிந்திருந்தது. மனிதர் விழுங்குகிற அளவில் அது மார்பகத்துக்குப் போய்ச் சேரும் என்பதும் தெரிந்திருந்தது. மறுபக்கம், விலங்கிடம் கேட்காமல் விட்டதால் நேர்ந்த விபரீதத்துக்கும் உதாரணம் உண்டு. கேரட்டின் பீட்டா கரோட்டின் நுரையீரலைக் காக்கும் என்ற நம்பிக்கையில் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வை 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் அதிகம். எலிகள் இந்தப் பொருளைக் குடலிலேயே வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடும். நம்மைப் போல அதை அப்படியே உறிஞ்சும் விலங்கு ஃபெரட் என்னும் கீரி போன்ற பிராணி. பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெரட்டுகளுக்குப் புகையோடு அதிக அளவு பீட்டா கரோட்டினையும் கொடுத்து, நுரையீரலில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டார்கள். சாப்பாட்டில் கிடைக்கும் அளவு மட்டும் கொடுத்தபோது அந்தக் கேடு வரவில்லை. முதல் ஃபெரட் ஆய்வு வெளிவந்த ஆண்டு 1999. அதாவது முதலில் மனிதரில் சோதித்தார்கள், அப்புறம் ஃபெரட்டில். சரியான விலங்கைச் சரியான நேரத்தில் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது விலங்கு ஆய்வை நிறுத்துவதை அல்ல, அச்சில் வார்த்த ஆய்வை நிறுத்துவதை. ஒரு நச்சு, 14 வாரம், புதிதாக ஒரு மூலிகை. மூலிகையின் பெயரை மட்டும் மாற்றி இதையே திரும்பத் திரும்பச் செய்வதால் அறிவு வளர்வதில்லை, கட்டுரை எண்ணிக்கைதான் வளர்கிறது. நச்சு கொடுத்து முடிந்தபின் தொடங்கும் குழு ஒன்று, சாப்பாட்டில் கிடைக்கக்கூடிய அளவு தரும் குழு ஒன்று, சாதாரணத் தீனி தின்னும் குழு ஒன்று, கட்டியை எண்ணுபவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்பது தெரியாத ஏற்பாடு, பலிக்காவிட்டாலும் வெளியிடும் உறுதி. இவை இல்லாத ஆய்வுக்கு ஒரு ஹாம்ஸ்டரைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று விலங்கு நெறிமுறைக் குழுக்கள் சொல்ல வேண்டும். விலங்கின் வலியை நியாயப்படுத்த ஒரே வழி, அதிலிருந்து கிடைக்கும் பதில் யாருக்காவது பயன்படுவது.

கடைசியாக ஒரு ஆட்சேபம் இருக்கிறது. வீடுகளில் அதிகம் கேட்பதும் இதுதான்: பலன் இல்லாவிட்டால் போகட்டும், மஞ்சளால் கெடுதல் என்ன வந்துவிடப்போகிறது? சமையலில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பதில் சரி. சாயம் கலக்காத மஞ்சளாக இருந்தால் அள்ளிப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரைக்கு இந்தப் பதில் சரியல்ல. குர்குமின் ரத்தத்தில் ஏறாது என்பதால்தான் அதோடு பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ல் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, மனிதர்களில் அதன் உறிஞ்சலை 20 மடங்கு கூட்டிக் காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் குடலும் கல்லீரலும் போட்டிருக்கும் தடுப்பைத் திறந்துவிட்டால் குர்குமின் மட்டுமா உள்ளே வரும்? கூடவே சாப்பிடுகிற மற்ற மருந்துகளின் அளவும் ஏறலாம். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமைப்பு 2022-ல் மஞ்சள் மாத்திரைகளால் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் 10 என்பது சொற்பம்தான். எதற்காக அந்த அபாயத்தை ஏற்கிறோம் என்பதே கேள்வி.

புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. 2002-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு, மார்பகப் புற்று உள்ள சுண்டெலிகளுக்குக் குர்குமின் கலந்த தீனி போட்டு, சைக்ளோஃபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தையும் கொடுத்தது. குர்குமின் தின்ற சுண்டெலிகளில் மருந்து கட்டியைச் சுருக்கும் வேலை தடைபட்டது. இதுவும் எலி ஆய்வுதான், அளவும் மிகப் பெரிது. நான் மேலே கேட்ட நான்கு கேள்விகளையும் இதனிடமும் கேட்கத்தான் வேண்டும், மனிதரிலும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நிரூபணமாகாத நன்மைக்காக, நிரூபணமான மருந்தைப் பணயம் வைப்பதற்கு முன் இது ஒன்றே யோசிக்கப் போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ நடந்துகொண்டிருந்து, அவர் மஞ்சள் மாத்திரையும் சாப்பிட்டுவருகிறார் என்றால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.